லேடி செவ்வந்தியின் இரண்டாவது சவாரிக்காரர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சேணமும் பூட்டாமல், முதுகில் ஆளும் இல்லாமல், லாயத்தோட்டத்துச் செம்மண் பாதையில் லாயத்துப் பையன் கடிவாளத்தைப் பிடித்து நடத்திக்கொண்டு போன லேடி செவ்வந்தி என்கிற பந்தயக் குதிரையின் நிழலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். குதிரை மேல் யாரும் இல்லை, நிழலின் மேல்தான் இருந்தான். தலையில் தொப்பி, நிமிர்ந்த முதுகு, இடது முழங்கை மட்டும் உடம்பை விட்டு விலகி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. எதிரே பால் வாங்கிக்கொண்டு வந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். அவர்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, "பாத்துடி, அவரு மேல கால் பட்றப் போவுது" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி, ஓரமாக ஒதுங்கி வழி விட்டுவிட்டு, பால் திரிந்துவிடும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

லாயத்தோட்டம் பந்தய மைதானத்தின் பின்மதிலை ஒட்டிய இடம். அங்கே இருப்பவர்கள் மூன்று தலைமுறையாகக் குதிரையைக் குளிப்பாட்டி, குதிரைக்கு லாடம் கட்டி, குதிரையோடு பேசிப் பிழைக்கிறவர்கள். சினிமா கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில், பந்தயத்துக்கு லாயக்கில்லாமல் போன குதிரைகளெல்லாம் இங்கிருந்து கோடம்பாக்கத்துக்கு நடந்து போய், அட்டைக் கோட்டைகளுக்கு முன்னால் அட்டைக் கிரீடம் வைத்த ராஜாக்களைச் சுமந்தன. ராஜாவாக நடித்துப் பெரிய ஆளானவர்கள் கப்பல் மாதிரி கார்களில் இங்கே வந்து இறங்கி, பந்தயத்துக்கென்று புதுக் குதிரை வாங்கினார்கள். அந்தக் குதிரைக்கும் வயசானதும் அது கோடம்பாக்கத்துக்குப் போனது. இப்படி ஒரு செக்குச் சுற்றலில் இருந்த ஊர், நிழலில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்ததற்கா வாயைப் பிளக்கும்?

வியாழக்கிழமைக்குள் அது யார் என்று முடிவாகிவிட்டது. அந்த முழங்கையைத் தெரியாதவர் உண்டா? சினிமா ராஜா வீரவேந்தர் புவனேந்திரன் இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தாலும், அறுபது வயசு தாண்டிய ஆண்பிள்ளை எவனைப் பார்த்தாலும் இடது முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டுதான் நடப்பான். அந்தக் காலத்துக் கல்யாணப் போட்டோக்களில் மாப்பிள்ளையின் முழங்கை பெண்ணின் விலாவில் குத்திக்கொண்டிருக்கும், பெண் வலியை அடக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாள். ஆகவே அரக்கோணம் ஏகாம்பரம், அகில உலக வீரவேந்தர் ரசிகர் பேரவையின் தலைவர், மூன்று வேனில் ஆட்களோடு வந்து இறங்கி, நிழல் விழுகிற பக்கமாக நின்று, தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, சட்டையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டாமலேயே, "வேந்தர் திரும்ப வந்துட்டார்" என்றார்.

அதற்குப் பிறகு ஊர் தன் நடைமுறைகளை மாற்றிக்கொண்டது. பயந்த குழந்தைகளைக் கொண்டுவந்து அந்த நிழலில் ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள். உச்சிவேளையில் சவாரிக்காரர் குறுகிக் குதிரையின் வயிற்றுக்கடியில் போய்விடுகிறார், அது மரியாதையில்லை என்று பன்னிரண்டு மணிக்குக் குதிரையை வெளியே விடக் கூடாதென்று தீர்மானம் போட்டார்கள். மாலையில் நிழல் நீண்டு மதில் மேல் ஏறி வேந்தரின் தொப்பி எதிர்வீட்டு மாடிக்குப் போகும்போது, அந்த மாடிக்காரர்கள் காயப்போட்ட துணிகளை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார்கள். லேடி செவ்வந்தி மேல் ஏறுகிற ஜாக்கி பர்வேஸிடம் பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, "பின்னாடி குந்திக்கினு இருக்காரு, அவ்ளோதானே. லகான் புடிக்கிற கை என்னவிட நல்ல கை. நான் சும்மா போறேன்" என்றான்.

சங்கடப்பட்டது பந்தயக் கமிட்டிதான். ஒரே குதிரையில் இரண்டு பேரா என்று மற்ற குதிரைக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். லேடி செவ்வந்தியை வெயிலில் நிறுத்தி எடை போட்டார்கள், கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போய் எடை போட்டார்கள், எடை ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் ஆள் இல்லை என்றார் ஒரு உறுப்பினர். ஆள் இல்லையென்றால் தொப்பி யாருடையது என்றார் இன்னொருவர். கடைசியில் விதிப்புத்தகத்தைப் புரட்டியதில், குதிரை மேல் ஏறுகிற எவருடைய பெயரும் ரேஸ் புத்தகத்தில் அச்சாக வேண்டும் என்று இருந்தது. 'எவரும்' என்று இருந்ததே தவிர, உடம்போடு என்று எங்கேயும் இல்லை. ஆகவே இரண்டாவது சவாரிக்காரர் யார் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும், முத்திரை விழுந்த பிறகு பெயரை மாற்ற முடியாது, பெயர் இல்லையென்றால் குதிரை ஓட முடியாது. வேந்தரின் ஒரே மகள் நளாயினி அம்மாளுக்குக் கடிதம் போனது. அடுத்த வாரச் சனிக்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது காளத்தி வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. காளத்திக்கு எண்பது நெருங்குகிறது. அந்தக் காலத்தில் லாயத்துக் குதிரைகளைப் படப்பிடிப்புக்குக் கூட்டிப் போய் வந்தவர் என்று ஊர் அவரை அறியும். அவருக்கும் இடது முழங்கை துருத்திக்கொண்டிருக்கும். அந்த வயசுக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தானே என்று யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. நிழலில் ஆள் வந்த மறுநாளே, புதன்கிழமை காலை, அவர் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி பூங்காவனம் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்து, அவரைப் பார்த்து, மறுபடி தரையைப் பார்த்தாள்.

"இந்தாயா. உன் நிழல எங்க வுட்ட?"

காளத்தி குனிந்து பார்த்தார். செம்பின் நிழல் இருந்தது, கொடியின் நிழல் இருந்தது, கொடியில் தொங்கிய அவருடைய பனியனின் நிழல்கூட இருந்தது. அவர் நிற்கிற இடத்தில் மட்டும் வெயில் பளிச்சென்று தரையில் அடித்துக்கொண்டிருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தார், இடம் மாறி நின்று பார்த்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, "நேத்து இருந்திச்சே" என்றார், மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தவர் மாதிரி.

அவர் போய் லேடி செவ்வந்தியைப் பார்த்தது அன்று மாலை. அவரே அந்த முதுகைப் பார்த்ததில்லை, யார்தான் தன் முதுகைப் பார்க்க முடியும், ஆனால் அந்த இடுப்பு குதிரையின் நடைக்கு இழைந்து கொடுக்கிற விதம் அவருடைய எலும்புக்குத் தெரிந்தது. வீரவேந்தர் நடித்த இருபத்திரண்டு படத்தில் குதிரை மேல் இருந்தது காளத்திதான். வேந்தர் குதிரைக்குப் பத்தடி தூரத்தில் நின்று வசனம் பேசுவார், கேமராவை நிறுத்துவார்கள், அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு காளத்தி ஏறுவார், அகழி தாண்டுவார், எரிகிற வைக்கோல் வளையத்துக்குள் பாய்வார், இறங்குவார், கேமராவை நிறுத்துவார்கள், வேந்தர் வந்து நின்று மூச்சு வாங்குவார்.

ஒரு படத்தில் கோட்டைச் சுவரிலிருந்து குதிரையோடு விழுந்து காளத்தியின் இடது முழங்கை உடைந்தது. நாட்டு வைத்தியர் கட்டிய கட்டு கோணலாகி, எலும்பு அப்படியே சேர்ந்து, கை வெளியே துருத்திக்கொண்டு நின்றுவிட்டது. படம் பாதியில் நின்றது. டூப் மாட்டிக்கொள்வானே என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வேந்தர் தன் இடது முழங்கையை வெளியே தள்ளிக்காட்டி, "இப்ப பொருந்துதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் அப்படியே நடந்தார், அப்படியே காதலித்தார், அப்படியே செத்தார், நாடே அப்படி நடந்தது. ஆனால் அதற்கு முன்னால், தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்ப்பதையும் கழுத்தைத் திருப்புவதையும் வேந்தரைப் பார்த்துக் காப்பியடித்தது காளத்தி. இப்போது அந்த நிழலில் எது யாருடையது? முழங்கை என்னுடையது, தொப்பி அவருடையது, கழுத்து அவருடையது, இடுப்பு என்னுடையது, நிமிர்ந்த முதுகு யாருடையது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, நூல்கண்டு சிக்கலான மாதிரி ஆகி, காளத்தி ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

அதுவாவது போகட்டும். அறுபத்து நாலாம் வருஷத்து விவகாரம் ஒன்று இருந்தது. சக நடிகர்களெல்லாம் பந்தயக் குதிரை வைத்திருக்கிறார்களே என்று வேந்தரும் ஒன்று வாங்கினார். வாங்கினாரே தவிர, குதிரை வாசம் பட்டாலே அவருக்கு வேர்த்துக் கொட்டும், கால் நடுங்கும். அது வெளியே தெரியக்கூடாத ரகசியம். அந்தக் குதிரை எந்த நேரத்தில் பிறந்ததோ, கோடைக் கோப்பையை ஜெயித்துத் தொலைத்தது. ஜெயித்த குதிரையை அதன் முதலாளி கடிவாளம் பிடித்து, கூட்டத்துக்கு நடுவே நடத்திக்கொண்டு வர வேண்டும் என்பது மைதானத்தின் வழக்கம். அதிலிருந்து எந்த முதலாளியும் தப்ப முடியாது. வேந்தர் காரை விட்டு இறங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் பட்டுச் சட்டையும் காருக்குள்ளிருந்து கைமாறின. எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வதற்கு முன்னால், லாயத்து மூலையில் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, 'நான்தான் இது என்று என் வாயால் யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் பண்ணினார் காளத்தி. பிறகு இருபதாயிரம் பேர் கூச்சல் போட, வேந்தராக நடந்து போனார். வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அது யாருடைய சந்தோஷம் என்பதில்தான் அவருக்கு இன்றுவரை குழப்பம்.

"போயி சொல்லுய்யா" என்றாள் பூங்காவனம். அவளிடமும் அவர் எதையும் சொன்னதில்லை. அவள்தான் அந்த முழங்கைக்கு எண்ணெய் தடவினவள், அவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? "சனிக்கெழம அந்தம்மா கையெழுத்துப் போட்டு முத்திர குத்திட்டாங்கன்னா, நெழலு அவங்க வூட்டுதாயிடும். அப்பறம் நீ இன்னா பண்ணுவ? செத்தா தூக்கினு போவும்போது மத்தவங்க நெழலு வரும், உன்னுது வராது. அசிங்கமா இருக்காது?"

"சத்தியம் பண்ணிக்கிறேன்டி."

"கேட்டவரே போயி சேந்துட்டாரு."

"அது இல்ல பூங்காவனம். என்னுதுன்னு எனக்கே நிச்சயமாத் தெரிலயே. தெரியாத ஒண்ண எப்புடி என்னுதுன்னு போயி நிப்பேன்?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்பது வருஷமா வெயில்ல நான் உன் நெழல்ல நின்னுக்கினு நடந்திருக்கேன்யா. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுகிற வட்டத்தில், கம்பித் தடுப்புக்கு வெளியே கூட்டம் நெரிந்தது. ஏகாம்பரத்தின் ஆட்கள் தாரை தப்பட்டையோடு வந்திருந்தார்கள். உள்ளே லேடி செவ்வந்தி, அதன் நிழல், நிழலில் நிமிர்ந்து உட்கார்ந்த ஆள், கமிட்டிச் செயலாளர், ஒரு மேஜை, மேஜை மேல் படிவம். வேந்தரோடு கூட இருந்தவர் என்று காளத்தியையும் ஏகாம்பரம் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்திருந்தார். காளத்தி கொட்டகைக் கூரையின் நிழல் விளிம்பு வரை வந்து நின்றுகொண்டார்.

நளாயினி அம்மாள் அறுபது வயசு, மெலிந்தவர், கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் காளத்தியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பா வீட்டுல இருந்த நாளே கம்மிங்க. இருந்தாலும் மாடியில இருப்பார், நாங்க கீழ இருப்போம். அவர் என்னைத் தொட்டதா எனக்கு ஞாபகம் கிடையாது. ஒரே ஒரு தடவை, இதே இடத்துல. குதிரை ஜெயிச்சு நடத்திட்டு வந்தார். நான் பயந்து அழுதேன். அவ்வளவு கூட்டத்துலயும் குனிஞ்சு என்னைத் தூக்கிக் குதிரை மேல வச்சார். காதுல ஒண்ணு சொன்னார். என்ன சொன்னார்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. அந்த ஒரு நாளை வச்சுத்தான் அப்பா, அப்பான்னு இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்." அவர் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கூடவே இருந்தவராமே. சொல்லுங்க. இது அப்பாதானே?"

இல்லையென்று சொன்னால் நிழல் திரும்பி வரும். ஆனால் இந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே அப்பா, அந்த ஐந்து நிமிஷத்து அப்பா, போய்விடுவார். அன்றைக்குத் தூக்கினது இந்தக் கைதான், ஆனால் தூக்கினது காளத்தியா, காளத்தி அணிந்திருந்த வேந்தரா? ஆறு வயசுக் குழந்தை அப்பா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டபோது அப்பாவாகத்தானே அவரும் இருந்தார்? பிள்ளையில்லாத அவருக்கு அது மாதிரி இன்னொரு தடவை வாய்க்கவும் இல்லை.

"ஆமாம்மா" என்றார். "அய்யாதான்."

கம்பிக்கு வெளியே பூங்காவனம் தலையில் அடித்துக்கொண்டாள். ஏகாம்பரம் கையைத் தூக்கினார், தப்பட்டை முழங்கியது. நளாயினி அம்மாள் பேனாவைத் திறந்து ஒரு எட்டு முன்னால் வைத்தார். அந்தச் சத்தத்துக்கு லேடி செவ்வந்தி மிரண்டு, முன்கால் இரண்டையும் தூக்கி, பர்வேஸ் பிடித்திருந்த கடிவாளத்தை உதறியது. அம்மாள் அலறிப் பின்வாங்கினார். கால்கள் தானாகவே போக, காளத்தி வெயிலுக்குள் பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்து, குதிரையின் கழுத்தைத் தட்டி, மறுகையால் அந்த அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத பாப்பா. காதப் பாரு. காது முன்னால இருந்திச்சின்னா அதுக்குக் கோவம் இல்ல. நீ அழுதா அதுவும் அழும்."

தப்பட்டை நின்றிருந்தது. அன்று காதில் கேட்ட அதே சொற்கள், நளாயினி அம்மாள் நிமிர்ந்தார். தோளில் இருந்த கையைப் பார்த்தார், வெளியே துருத்திய முழங்கையைப் பார்த்தார், மெதுவாகக் கீழே பார்த்தார். செயலாளர் நின்ற இடத்தில் செயலாளரின் நிழல் இருந்தது, அவர் நின்ற இடத்தில் அவருடையது இருந்தது. கிழவர் நின்ற இடத்தில் வெறும் வெயில்.

"அப்பா அப்ப எங்க இருந்தார்?" என்று கேட்டார், ஆறு வயசுக் குரலில்.

"கார்ல இருந்தாரும்மா. அவருக்குக் குதிரன்னா பயம். கண்ணாடிய எறக்கி வுட்டு உங்களையேதான் பாத்துக்கினு இருந்தாரு. கண்ணுல தண்ணி. 'நான் தூக்கியிருக்கணும்டா காளத்தி'ன்னு அப்பறம் என்கிட்ட சொன்னாரு." சொல்லி முடித்த பிறகு, அது நிஜமாகவே நடந்ததா, அல்லது அந்த நிமிஷம் தானாக வாயில் வந்ததா என்று காளத்திக்கே தெரியவில்லை.

நளாயினி அம்மாள் அழுதார். அழுதுகொண்டே கண்ணைத் துடைக்காமல் மேஜைக்குப் போய், படிவத்தை நேராக வைத்து, பேனாவை அதன் மேல் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்க பேர் என்னங்க? முழுசா சொல்லுங்க, எழுதறேன்."

சற்றுமுன் தன் பெயரைத் தானே சொன்னது காளத்திக்கு நினைவில்லை. வாயைத் திறந்தார். கற்பூரம் சுட்ட உள்ளங்கை வேர்த்தது. இதற்குப் பதில் சொன்னால் 'நான்தான் இது' என்று வாயால் சொன்னதாக ஆகிவிடாதா? வாய் திறந்தபடியே நின்றது, சத்தம் வரவில்லை. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எந்தச் சத்தியமும் பண்ணாத பூங்காவனம் கம்பித் தடுப்பின் மேல் ஏறி நின்றுகொண்டு, மைதானத்துக் குதிரைகளெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"காளத்தி! லாயத்தோட்டம் மு. காளத்தின்னு எழுதிக்கம்மா! எழுதிட்டு எனக்கு ஒரு தடவ படிச்சிக் காட்டு!"

எழுதியாயிற்று. படித்தும் காட்டினார்கள். முத்திரை விழுந்தது. ஆனால் நிழல் இறங்கி வரவில்லை. பெயர் எழுதினால் காலடிக்கு வந்துவிடும் என்று நினைத்த பூங்காவனம் ஏமாந்தாள். அது பாட்டுக்குக் குதிரை மேலேயே உட்கார்ந்துகொண்டு, பர்வேஸின் பின்னால், ஓட்டம் தொடங்குகிற இடத்துக்குப் போய்விட்டது. ஏகாம்பரத்துக்கு என்ன கோஷம் போடுவது என்று தெரியவில்லை. "வீர" என்று ஆரம்பித்தார், நிறுத்தினார், பக்கத்தில் இருந்தவரிடம் கலந்து பேசினார், பிறகு பொதுவாக "வாழ்க" என்று மட்டும் சொல்லலாம் என்று முடிவாயிற்று.

லேடி செவ்வந்தி நான்காவதாகத்தான் வந்தது. சாய்வெயிலில் பன்னிரண்டு குதிரைகள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வளைவைத் தாண்டி வந்தபோது, புல்லின் மேல் நீளமாக விழுந்த நிழல்களில் ஒன்றில் மட்டும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒலிபெருக்கி முதல் மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு சொன்னது: "நான்காவது, லேடி செவ்வந்தி. சவாரி, பர்வேஸ் மற்றும் காளத்தி."

மைதானம் முழுக்கக் கை தட்டியது. காளத்தியும் எழுந்து நின்று, கண்ணீர் வழிய, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"உக்காருய்யா" என்று பூங்காவனம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு நீயே கை தட்டிக்கிறியே, நாலு பேரு பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"எனக்கா?" என்றார் காளத்தி. தட்டுவதை நிறுத்தவில்லை.